திறந்த வெளிகளைக் காக்கும் தொண்டு

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களும் கிராமத் தொண்டர்களும் கூடிய கூட்டமொன்றில் வாசிக்கப்பட்ட உபந்நியாசம்)



கிராமத்தின் செல்வம் யாது என்று வினவினால் நஞ்சை, புஞ்சை, ஆடு மாடு, வீடு வாசல் என்று விரல் விட்டு எண்ணுவதே வழக்கமாயிருக்கிறது. மந்தைவெளி, மேய்ச்சல் தரை, குளக்கரை, சிறுவர் விளையாடும் பொட்டல், ஊருக்குப் பொதுவான தோப்பு ஆகிய இவற்றை எவரும் தமது செல்வமாக எண்ணுவதில்லை. எல்லோருக்கும் பொதுவான பொருள் என்று வாயினால் சொல்லப்படுவது, காரியத்தில் கவனிப்பாரற்ற பொருளாகவே முடிகிறது. ஒரு நாள் அங்கே வேலி எழும்புகிறது. மறு வருஷம் சுவர் எழும்புகிறது. அதன் பிறகே ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருந்துகின்றனர். வருத்தத்தினால் வேலி பெயர்வதில்லை.

இத்தகைய நஷ்டம் ஒரு தேசத்திற்கு மாத்திரம் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசம் இதனைப் பெரிய அளவில் அனுபவித்தது. ஆனால் அங்கே சாதாரண ஸ்திரீ புருஷர்கள் சிலர் ஒன்று கூடி, வீடு வீடாய்ப் பணம் திரட்டி, விலைக்கு வந்த வெளிகளை வாங்கி, என்றென்றைக்கும் பொது ஜனங்களுக்கென்று நிலைநிறுத்தினர். அவர்கள் கையாண்ட முறை கூட்டுறவு ஊழியர்கள் நன்கு ஆராய்ந்து அறிய வேண்டியதொன்றாகும். அதில் முதற்பாடமாக அமைந்தது வெற்றியன்று, ஒரு தோல்வியே.

நகரம் வளர்ந்த விதம்

1801-ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 10 லக்ஷம். 1901-ஆம் வருஷத்தில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து அது 60 லக்ஷத்துக்கு மேற்பட்டது. இரயில் பாதைகள் சென்ற திசையெல்லாம் வீடுகள் சென்றன. ஊர்ப் பொது நிலங்களின் மேல் சொந்தம் கொண்டாடிய பிரபுக்கள், மனைக்கு ஏற்பட்ட விலையைக் கண்டு அவற்றுக்கு வேலியிட முற்பட்டனர். இதனைத் தடுப்பதற்காக 1865-இல் ஜார்ஜ் ஷா லெபீவர் என்பவரது முயற்சியால் பொது நிலப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தோன்றிற்று. இராபர்ட் ஹண்டர் என்னும் இளம் வக்கீல் அதன் சட்ட விவகாரங்களைக் கவனித்து வந்தார். ஜனங்களுக்குப் பழைய பாத்தியதை இருந்த நிலங்களை அச்சங்கம் நியாயஸ்தலங்களின் மூலம் காப்பாற்றிற்று. எனினும் தனியொருவருக்கே முழுச் சொந்தமான நிலம் விற்பனைக்கு வருமாயின் வழக்கினால் என்ன பயன்? அதனை விலை கொடுத்தே வாங்க வேண்டும். அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வியாயிற்று.

ஒரு தோல்வி

மிஸ் ஆக்டேவியா ஹில் 1838-இல் பிறந்தவர். அவருடைய பாட்டனாராகிய டாக்டர் சவுத்வுட் ஸ்மித் நகர சுகாதாரத்திற்காக உழைத்துப் புகழ் பெற்றவர். 1865-இல் ஜான் ரஸ்கின் என்ற அறிஞர் லண்டனில் ஏழைகள் குடியிருந்த மூன்று வீடுகளை வாங்கி இந்த அம்மையாரின் நிர்வாகத்தில் ஒப்படைத்தார். அவ்வீடுகளைப் பழுது பார்த்து, வாரந்தோறும் வாடகை தண்டி, முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வரும்படியும் காட்டினார். அவருடன் உழைத்த மாதர் பலர் சம்பளமின்றித் தொண்டு செய்தவர்களே. வாரந்தோறும் அக்குடித்தனங்களின் வாசற்படி ஏறி இறங்கியதனால், ஏழைக்கு வீடு மாத்திரம் போதாது, மூச்சு விட வெளியும் வேண்டும் என்பதை அவர் நேரிற் கண்டறிந்தார். செல்வருக்குத் தோட்டமும் உண்டு, வெளியூர் செல்ல வண்டியும் உண்டு; ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழும் இடத்தில் குழந்தை எங்கே போய் ஓடும்?

லண்டனுக்கு வடமேற்கே சுவிஸ் காட்டேஜ் வயல்கள் என்று பெயர் பெற்ற பசும்புல் வெளி ஒன்று இருந்தது. 1875-இல் அது மனைகளாகப் போகிறதென்று தெரிய வந்ததும் ஆக்டேவியா ஹில் அதனை வாங்கிப் பொதுவாக்க முனைந்தார். வேண்டிய தொகை 10,000 பவுன். அவர் கடிதங்கள் எழுதினார், கூட்டங்கள் கூட்டினார், நண்பர்களை ஏவினார். சொற்ப காலத்தில் 8,000 பவுனுக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. மிகுதியும் சேர்ந்துவிடும் என்று தொண்டர்கள் நம்பியிருந்த சமயத்தில் நிலத்தார் தமது சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டனர். வயல்கள் மனைகளாயின. இன்று அவ்விடத்தில் பிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ என்னும் வீதி இருக்கிறது.

இத்தோல்வி இரண்டு விஷயங்களைத் தெளிவாக்குகிறது. பணம் சேர்வதற்கு முன்பே விலையும் தவணையும் எழுத்து மூலமாக உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. ஆபத்து வாசலில் வந்து நின்ற பிறகு வேலை தொடங்கினால், நாட்கள் யாவும் எதிராளியின் நாட்களாகி விடும் என்பது மற்றொன்று. அவர் மனமுடைந்து வீட்டில் இருந்துவிட்டாரில்லை. அதற்குப் பின் முப்பது வருஷங்களுக்கு மேல் இதே வேலையைச் செய்தார்.

பார்லிமெண்டு குன்று

ஹாம்ஸ்டெட் என்னுமிடத்திலிருந்த புல்வெளி 1871-இல் நகர நிர்வாக சபையினரால் வாங்கப்பட்டுப் பொதுவாகிவிட்டது. ஆயினும் அதனையடுத்த பார்லிமெண்டு குன்றும் அதன் வயல்களும் தனியார் வசமே இருந்தன. அவற்றில் வீடுகள் எழும்பினால் வாங்கிய வெளியும் சுவர்களுக்கு நடுவே அகப்பட்டுக் கொள்ளும். ஆகவே ஷா லெபீவரைத் தலைவராகக் கொண்ட ஒரு கமிட்டி வேலை தொடங்கிற்று. ஆக்டேவியா ஹில்லும் அதில் ஊக்கமாய் உழைத்தார். விலை சுமார் 3 லக்ஷம் பவுன். இவ்வளவு பெருந்தொகையை வீடு வீடாய்ச் சென்று மாத்திரம் சேர்த்தல் இயலாது. கமிட்டியார் 1886-இல் பார்லிமெண்டில் ஒரு சட்டத்தை நிறைவேறச் செய்தனர். நகர நிர்வாக சபை ஒரு பங்கும், அக்கம்பக்கத்து ஸ்தல சபைகள் ஒரு பங்கும், தர்ம நிதிகள் ஒரு பங்கும், பொது ஜனங்கள் சந்தா மூலம் ஒரு பங்குமாகச் சேர்ந்து 1889-இல் நிலம் பொதுவாயிற்று.

சர்க்காரே எல்லாம் செய்யட்டும் என்றிருந்தால் அந்தச் சபைகள் அசைந்திரா; ஜனங்களே எல்லாம் கொடுக்கட்டும் என்றிருந்தாலும் தொகை நிறைந்திராது. ஒருவர் பங்கைக் காட்டி மற்றவர் பங்கைக் கேட்டதே வெற்றிக்குக் காரணம். கையில் ஜனங்களின் சந்தாப் பட்டியலுடன் செல்பவனுக்கு எந்தச் சபையிலும் நாற்காலி கிடைக்கும். வெறுங்கையுடன் செல்பவன் விண்ணப்பதாரனே.

நிலத்தை ஏற்பவர் யார்?

இவ்வேலையில் மற்றொரு சங்கடமும் தோன்றிற்று. 1884-இல் டெப்ட்போர்டு என்னுமிடத்திலுள்ள ஸேயஸ் கோர்ட்டு என்ற பழைய தோட்டத்தைப் பொது உபயோகத்திற்கு அளிக்க அதன் உடைமைக்காரர் விரும்பினார். தானம் செய்ய ஆள் இருந்தும் அதனைப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படி தகுதியுள்ள ஸ்தாபனம் இல்லை. பொது நிலப் பாதுகாப்புச் சங்கம் வழக்காடலாமே யன்றி நிலத்தைத் தன் பேரில் வைத்துக்கொள்ள இயலாது. ஒரு மனிதர் பேரில் எழுதினால், அவர் காலத்திற்குப் பின் வாரிசுகளின் எண்ணம் எப்படியிருக்குமோ!

ஆகவே நிலத்தை வைத்துக்கொள்ளும் பொருட்டே ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்று ஹண்டர் எடுத்துரைத்தார். அதற்கு என்ன பெயர் இடலாம் என்று ஆக்டேவியா ஹில் அவருக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பில், ஹண்டர் பென்ஸிலினால் ‘நேஷனல் டிரஸ்ட்?’ என்று குறித்து வைத்தார். அக்குறிப்பு ஸ்தாபனமாக மேலும் பத்து வருஷங்கள் சென்றன. ஏரி நாட்டில் கெஸ்விக் நகருக்கடுத்த குரோஸ்த்வெயிட்டில் பாதிரியாராயிருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லியும் இவ்விருவருடன் சேர, 1895-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நேஷனல் டிரஸ்ட் பதிவாயிற்று. 1907-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின் மூலம், தன் நிலத்தை எக்காலத்தும் விற்கத் தகாதது என்று பிரகடனம் செய்யும் அதிகாரமும் அதற்குக் கிடைத்தது. அவ்வாறு பிரகடனம் செய்த நிலத்தை நிர்வாகிகள் விரும்பினாலும் விற்க இயலாது.

கூட்டுறவு ஊழியர்களுக்கு இது புதிய தத்துவமன்று. அதே 1895-ஆம் வருஷத்தில்தான் சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்ஸன் விவசாய பாங்குகளைப் பற்றிய தமது அறிக்கையின் முதற் பாகத்தை வெளியிட்டார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. பத்துப் பேர் கூடினால் அது கூட்டம். பதிவு செய்யப்பட்டால் சட்டத்தின் முன் அது ஒரு நபர். அந்த நபர் சொத்து வைத்துக்கொள்ளலாம்; அங்கத்தினர் இறந்தாலும் அந்த நபர் இறப்பதில்லை. கடனுக்குப் பயன்பட்ட இந்த உபாயமே அங்கே மண்ணைக் காப்பதற்கும் பயன்பட்டது.

ஏரிக்கரையில் 108 ஏக்கர்

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி நாட்டில் டெர்வெண்ட்வாட்டர் என்ற ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டில்ஹவ் என்னும் வனப்பிரதேசம், 108 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது, விலைக்கு வந்தது. வீடு கட்டுவோர் கையில் அது சிக்கினால் கரையில் ஜனங்கள் கால் வைப்பதற்கும் இடமிராது. விலை 6,500 பவுன். நேஷனல் டிரஸ்டுக்கு அப்போது கையிருப்பு என்று சொல்லத்தக்கது இல்லை. ரான்ஸ்லி உள்ளூரிலும், ஆக்டேவியா ஹில் லண்டனிலும் வேண்டுகோள் விடுத்தனர். அம்மையாருக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல்.

இந்த நிதிக்குப் பணம் வந்த விதம் கவனிக்கத் தக்கது. செல்வர் சிலர் பெருந்தொகை கொடுத்தனர் என்பது உண்மையே. ஆனால் பட்டியலை நிறைத்தது அவர்களன்று. மான்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ், ஷெபீல்டு முதலிய ஆலை நகரங்களிலிருந்து தொழிலாளிகளும் சில ஷில்லிங்குகளை அனுப்பினர். ஒரு பவுனுக்கு அந்நாளில் 20 ஷில்லிங். ஷெபீல்டு நகரத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் தமது அற்பத் தொகையுடன் எழுதிய விஷயம் இன்றும் நினைவு கூரப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் அந்த ஏரிகளைக் காண ஆசை கொண்டிருந்ததாகவும், இனித் தமக்கு அந்தப் பாக்கியம் கிட்டாதெனத் தெரிந்து கொண்டதாகவும், பிறருக்காவது அவை நிலைக்கட்டும் என்றே பணம் அனுப்புவதாகவும் அவர் தெரிவித்திருந்தார். தாம் காணப் போகாத கரைக்காக ஒருவர் கொடுத்தார். அந்தக் கரையருகே குடியிருப்பவர் கொடாதிருக்க முடியுமா?

சில மாதங்களில் தொகை நிறைந்தது. 1902-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி விக்டோரியா மகாராணியாரின் குமாரத்தி இளவரசி லூயிஸ் அவ்வனத்தைப் பொது ஜனங்களுக்குத் திறந்து வைத்தார். தலைவர்கள் ஆளுக்கொரு ஓக் மரக்கன்று நட்டனர். நாலு வருஷங்களுக்குள் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கோபரோ என்னும் சுமார் 750 ஏக்கர் பூமி, 12,000 பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு அதே முறையில் வாங்கப்பட்டு, 1906-இல் திறக்கப்பட்டது. ஒரு முறை ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொண்டால் இரண்டாம் முறை இரட்டிப்புத் தொகையும் கேட்கலாம் என்பது இதனால் விளங்கும்.

கணக்கே நம்பிக்கை

இந்த நம்பிக்கை பிறந்த இடம் மேடைப் பிரசங்கமன்று, கணக்குப் புத்தகமே. ஆக்டேவியா ஹில் 1872 முதல் 1911 வரையில் தமது சக ஊழியர்களுக்கு வருஷந்தோறும் ஒரு கடிதத்தை அச்சிட்டு அனுப்பி வந்தார். அவ்வருஷத்து வேலைகளைச் சொல்வதோடு, தம் கைக்கு வந்த தருமப் பணத்தின் வரவு செலவையும் அதில் வெளியிட்டார். ஏறக்குறைய நாற்பது வருஷம் இவ்வழக்கம் நடந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்தவர் தமது ஷில்லிங் எங்கே சென்றது என்று கேட்பதற்கு முன்பே பதில் அவர் வீடு தேடி வந்தது.

பொதுக் காரியங்களுக்கென்று தண்டப்படும் பணம் கெடுவது பெரும்பாலும் திருட்டினால் அன்று, கவனக் குறைவினாலேயே. இரசீது புத்தகம் பாதியில் நின்றிருக்கும். வசூலித்தவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் மற்றொருவர். மூவரும் ஒருவரையொருவர் நம்பியிருப்பர். ஊரார் மூவரையும் சந்தேகிப்பர். அப்புறம் அவ்வூரில் பத்து வருஷத்திற்கு எந்த நல்ல காரியத்திற்கும் பணம் பெயராது. ஆகவே நிலம் கிடையாமற் போனாலும் சகித்துக் கொள்ளலாம். கணக்குக் காட்டாமற் போனால் அதற்குப் பரிகாரமில்லை.

தொண்டர் செய்யத்தக்கவை

முதலாவது, காக்க வேண்டியது எது என்று தெரிந்திருக்க வேண்டும். கிராமத்துப் பொது நிலங்களைச் சர்வே நம்பர், விஸ்தீரணம், எல்லை ஆகியவற்றுடன் ஒரு ஜாபிதாவாக எழுதி, கிராமக் கணக்குடன் ஒத்துப் பார்த்து, தொண்டர்கள் வருஷத்திற்கு ஒரு முறையாவது எல்லை சுற்றி வருதல் வேண்டும். கணக்கில் மந்தைவெளியென்றும் தரையில் கரும்புத் தோட்டமென்றும் இருக்குமாயின் அது அன்றே தெரிய வேண்டும். ஏற்கனவே பொதுவாயுள்ளதை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. சட்டமே துணை நிற்கும். கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்புச் செய்தோரை அகற்றுவதற்குத் திட்டம் வகுக்க வேண்டுமென்று இந்திய சுப்ரீம் கோர்ட்டு 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் எல்லா இராஜ்ய சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

இரண்டாவது, தனியார் நிலத்தை வாங்க வேண்டி வந்தால், விலையும் தவணையும் முதலில் எழுத்தில் வர வேண்டும். தவணைக்குள் பணம் நிறையாவிடில் கொடுத்தவருக்கு அவரவர் தொகை திருப்பித் தரப்படும் என்பதை முதல் நோட்டீஸிலேயே அச்சிட வேண்டும்.

மூன்றாவது, பணம் எவர் பேரிலும் தனியாக இருத்தல் கூடாது. பதிவான சங்கத்தின் பேரில், இருவர் கையெழுத்தின்மேல் எடுக்கத்தக்கதாக, பாங்கில் இருக்க வேண்டும். வசூலித்த பணம் அன்றன்றே சேர வேண்டும்.

நான்காவது, அற்பத் தொகையை அலக்ஷியம் செய்யலாகாது. ஐந்து ரூபாய் கொடுத்த குடியானவன் அந்த வெளிக்கு ஐந்து ரூபாய் அளவு காவற்காரனாகி விடுகிறான். ஆயிரம் பேர் கொடுத்த வெளியில் ஆக்கிரமிப்புச் செய்ய எவன் துணிவான்? ஆகையால் தொண்டர் ஒரு வாசலையும் தாண்டிச் செல்லக் கூடாது. கொடுக்க இயலாதவரிடம் உழைப்பைக் கேட்கலாம். வேலி முள் வெட்டவும், குழி தோண்டவும், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும்.

ஐந்தாவது, நிலம் கிடைத்த தினம் வேலை முடிந்த தினமன்று. நேஷனல் டிரஸ்ட் இன்று சுமார் 6 லக்ஷம் ஏக்கர் நிலத்தையும், 50 லக்ஷத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரையும் கொண்டதாயிருக்கிறது. பதினாயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளமின்றி அதில் உழைத்து வருகின்றனர். வாங்குவதற்குக் கொடுப்பவர் பலர்; பராமரிப்பதற்குக் கொடுப்பவர் சிலர். ஆதலால் திரட்டும் நிதியில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்தல் விவேகமாகும்.

முடிவுரை

பசித்தவன் இருக்கப் புல்வெளிக்குப் பணமா என்று கேட்பார் உண்டு. அக்கேள்வி நியாயமானதே, அதனை அலட்சியம் செய்யலாகாது. பசித்தவனின் ஆடு மேய்வது எங்கே, அவன் பிள்ளை விளையாடுவது எங்கே, அவன் வீட்டு அடுப்புக்குச் சுள்ளி கிடைப்பது எங்கே என்று பார்த்தால் பதில் தானே கிடைக்கும். சொந்த நிலமுள்ளவனுக்குப் பொது நிலம் ஒரு வசதி. நிலமற்றவனுக்கு அதுவே ஆஸ்தி. அது போனால் முதலில் நஷ்டமடைபவன் ஏழையே.

ஆக்டேவியா ஹில் 1912-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் காலமானார். கடைசிக் காலத்திலும் கெண்டு ஜில்லாவில் மாரினர்ஸ் குன்றை வாங்குவதற்கான நிதியிலேயே அவர் ஈடுபட்டிருந்தார். 1915-இல் அவரது ஞாபகார்த்தமாக சர்ரே ஜில்லாவில் ஹைடன்ஸ் பால் என்னும் குன்று வாங்கப்பட்டது. 1920-இல் ரான்ஸ்லி இறந்தபோதும் ஜனங்கள் சந்தா சேர்த்து, டெர்வெண்ட்வாட்டர் கரையில் பிரையர்ஸ் கிராக் என்ற பாறை முனையை வாங்கி அவர் பேரால் அளித்தனர். அவர்கள் ஞாபகமாக நின்றவை ஜனங்கள் நடந்து செல்லும் வெளிகளே. சுவிஸ் காட்டேஜ் வயல்களோ திரும்ப வரவில்லை. எட்டாயிரம் பவுன் வாக்களிக்கப்பட்டும் இழந்த அந்நிலத்தை இனி எந்த விலைக்கும் வாங்க முடியாது.

ஆகையால் ஒவ்வொரு சங்கத்தின் அடுத்த மகாசபைக் கூட்டத்திலும், கடன் பாக்கி ஜாபிதாவை வாசித்து முடித்த பின், அவ்வூர்ப் பொது நிலங்களின் ஜாபிதா ஒன்றும் வாசிக்கப்படுமாக. அதில் ஒரு நம்பர் குறைந்திருப்பதாக எவரேனும் எழுந்து சொல்வாராயின், அவரே அவ்வூரின் முதல் தொண்டர்.